காருக்குள் மெழுகுவத்தி, விசில், பூனை மண்… எதற்குத் தெரியுமா?

குளிர்காலத்தில் காரை எடுக்கிறீர்களா? கூடவே ஓர் அவசரப் பை இருக்கட்டும் என்று கனடா அரசு தன் மக்களுக்கு ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறது! அதில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? கம்பளி, டார்ச் லைட், முதலுதவிப் பெட்டி… சரி, இதெல்லாம் நாமே ஊகிக்கலாம். ஆனால் ஆழமான தகர டப்பாவுக்குள் ஒரு மெழுகுவத்தி! கூடவே தீப்பெட்டி! ஒரு விசில்! சீட் பெல்ட்டை அறுக்க ஒரு கத்தி! பூனை மலம் கழிக்கும் தொட்டியில் கொட்டுகிற மண்!

காருக்கும் பூனைக்கும் என்ன சம்பந்தம்? வாருங்கள், பையை ஒவ்வொன்றாகப் பிரிப்போம்!

நெடுஞ்சாலைக்கு ராணுவ ஹெலிகாப்டர்!

டொரான்டோவைச் சுற்றி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய அதே ஒன்டாரியோ மாகாணத்தில், 2010 டிசம்பரில் நடந்தது இது. சார்னியா நகருக்குப் பக்கத்தில் 402-ஆம் நெடுஞ்சாலை. திடீர்ப் பனிப்புயல்! 300 பேருக்கும் மேல் நடுச்சாலையில் மாட்டிக்கொண்டார்கள். பனியை அள்ளும் வண்டிகளே உள்ளே நுழைய முடியவில்லை. கடைசியில் யார் வந்தது தெரியுமா? ராணுவம்! ஹெலிகாப்டரில் வந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள்!

அது காட்டுப்பாதை இல்லை. தினமும் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடுகிற பெரிய சாலை!

இன்னொன்று தெரியுமா? அமெரிக்காவில் பனியாலும் பனிக்கட்டியாலும் காயப்படுகிறவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு அது காரில்தான் நேர்கிறது என்கிறது அந்நாட்டு வானிலைத் துறை! வெட்டவெளியில் புயலில் மாட்டுகிறவர்கள் 25 சதவீதம்தான்!

கொல்வது குளிர் மட்டும்தானா?

இல்லை! பலரைக் கொன்றது சொந்தக் காரின் புகை!

1978 பிப்ரவரி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 27.1 அங்குலப் பனி கொட்டியது. நகரைச் சுற்றி ஓடும் 128-ஆம் சாலையில் எத்தனை வண்டிகள் சிக்கின தெரியுமா? 3,000 கார்கள்! 500 லாரிகள்! உள்ளே இருந்தவர்கள் குளிருக்குப் பயந்து என்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டார்கள். வெளியே பனி ஏறிக்கொண்டே வந்து சைலன்சர் குழாயின் வாயை அடைத்தது. வெளியேற வழியில்லாத புகை காருக்குள் திரும்பியது. 14 பேர் உட்கார்ந்த இடத்திலேயே இறந்துபோனார்கள்!

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்! லேசாகத் தலை வலிக்கும். தூக்கம் வரும். சிக்கியவர் களைப்பு என்றே நினைத்துக் கண்ணை மூடுவார். எழுந்திருக்கவே மாட்டார்.

44 ஆண்டுகள் கழித்து, 2022 ஜனவரியில், பாகிஸ்தானின் மர்ரி மலைவாசஸ்தலத்தில் இதே கதை. பனி பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள்! ஒரே இரவில் குறைந்தது 22 பேர் கார்களுக்குள் இறந்தார்கள். அவர்களில் 10 பேர் குழந்தைகள். குளிர் ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு ஒரு பக்கம்.

இப்போது சொல்லுங்கள், அந்தப் பையில் இருப்பதிலேயே விலைமதிப்பற்ற பொருள் எது? கம்பளியா? சாப்பாடா? மண்வாரி! முதலில் சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளி அகற்றிவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும்! காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அகலம் இறக்கிவிடவும் வேண்டும்.

இந்த ஒரு செய்தி போதும். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்!

அரை டேங்க் பெட்ரோலில் ஐந்து நாள்!

நம்ப முடிகிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள்! புயலில் சிக்கினால் ஒரு மணி நேரத்துக்கு 10 நிமிடம் மட்டும் என்ஜினை ஓட்டச் சொல்கிறார்கள் நிபுணர்கள். நின்ற இடத்தில் ஓடும் சிறிய கார் மணிக்கு ஒரு லிட்டர் அளவில் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிடத்துக்கு எவ்வளவு? 170 மில்லிகூட இல்லை! டேங்க்கில் 20 லிட்டர் இருந்தால் 120 மணி நேரம் தாங்கும். ஐந்து முழு நாள்!

என்ஜினை நிறுத்தாமல் ஓடவிட்டால்? அதே 20 லிட்டர் 20 மணி நேரத்தில் காலி!

குளிர்நாட்டுக்காரர்கள் டேங்க்கைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் அடிக்கடி நிரப்புவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

ஒரு மெழுகுவத்தி எத்தனை வாட்?

40 முதல் 80 வாட் வரை வெப்பம் தரும்! சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் எத்தனை வாட் தெரியுமா? ஏறக்குறைய 100! அப்படியானால் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் காருக்குள் 400 வாட் ஹீட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது! அதனால்தான் தனித்தனியாக உட்காராமல் பின் சீட்டில் ஒட்டி உட்காரச் சொல்கிறார்கள். தனியாக மாட்டிக்கொண்டவருக்கு அந்த மெழுகுவத்தி இன்னொரு ஆள் பக்கத்தில் இருக்கிற மாதிரி!

ஆழமான டப்பா எதற்கு? சாயாமல் இருக்க, தீ சீட்டில் பற்றாமல் இருக்க. அதன் சூட்டிலேயே பனியை உருக்கித் தண்ணீரும் காய்ச்சலாம்! ஆனால் ஒன்று. மெழுகுவத்தியும் ஆக்சிஜனை எரிக்கிறது. கண்ணாடி கொஞ்சம் திறந்தே இருக்கட்டும், கண் விழித்திருக்கும்போது மட்டும் எரியட்டும்!

சுற்றிலும் பனி… ஆனால் தின்னக் கூடாது!

ஏன் தெரியுமா? ஒரு கிலோ பனி வயிற்றுக்குள் போனால் அதை உருக்கி உடல் சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 120 கலோரி செலவாகும்! இரண்டு மூன்று இட்லி தந்த தெம்பு அப்படியே போய்விடும்! உடம்பு சூட்டைக் காப்பாற்றப் போராடும் நேரத்தில் இந்த நஷ்டம் தாங்குமா? உருக்கிக் குடியுங்கள், பனியாகவே விழுங்காதீர்கள்!

தண்ணீர் பாட்டிலையே வைத்துக்கொள்ளலாமே என்கிறீர்களா? வைக்கலாம். கழுத்துவரை நிரப்பாமல்! தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பருக்கும். கண்ணாடி பாட்டில் என்றால் வெடித்தே விடும்! பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் பங்குதான் ஊற்ற வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும்.

சாப்பாட்டுக்கு என்ன? அரசுப் பட்டியல் கெட்டுப்போகாத எனர்ஜி பார் என்கிறது. நம்மிடம்தான் கடலை மிட்டாய் இருக்கிறதே! எள்ளுருண்டை இருக்கிறதே! 100 கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 560 கலோரி! பல மாதம் கெடாது, சமைக்க வேண்டாம், கையுறையோடேயே எடுத்து வாயில் போடலாம். இதைவிடப் பொருத்தமான எனர்ஜி பார் எங்கே கிடைக்கும்!

பிராந்தி ஒரு மடக்கு? வேண்டவே வேண்டாம்! தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடாக இருப்பது போலத் தோன்றும். உண்மையில் உள்ளே இருக்கும் சூடு தோல் வழியே வெளியே ஓடிக்கொண்டிருக்கும்!

பூனை மண் பிறந்ததே கடுங்குளிரால்தான், தெரியுமா?

1947 ஜனவரி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், காசபோலிஸ் என்ற சிற்றூர். ஒரு பெண்மணி தன் பூனைத் தொட்டிக்கு மணல் எடுக்கப் போனார். மணல் குவியல் உறைந்து கல்லாகக் கிடந்தது! பக்கத்தில் இருந்த எட் லோ என்ற இளைஞரிடம் கேட்டார். அவர் தொழிற்சாலைகளில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்காக விற்றுக்கொண்டிருந்த ஒருவகைக் களிமண்ணைக் கொடுத்தனுப்பினார். அந்தப் பெண்மணி மறுபடி மறுபடி வந்து கேட்டார்! உடனே லோ அதைப் பைகளில் நிரப்பி ‘கிட்டி லிட்டர்’ என்று எழுதி விற்க ஆரம்பித்தார். கோடிக்கணக்கில் புரளும் ஒரு தொழில் பிறந்தது!

குளிரில் பிறந்த அந்த மண்தான் இன்று பனியில் சுழலும் சக்கரத்துக்கு அடியில் போய் விழுகிறது! ஈரத்தை உறிஞ்சி, டயருக்குப் பிடிமானம் கொடுத்து, காரைக் கிளப்பிவிடுகிறது. ஆனால் கவனம்! கட்டி சேருகிற வகையை வாங்கினால் தண்ணீர் பட்டதும் வழவழவென்று சேறாகிவிடும். இருக்கிற வழுக்கலும் கூடும்! கட்டி சேராத சாதா வகைதான் வேண்டும்.

மண் இல்லையா? காலடி மிதியடியை உருவி டயருக்கு முன்னால் போடுங்கள்!

உப்பு போட்டால் போதாதா? இங்கேதான் ஒரு வேடிக்கை. சாதா உப்பு மைனஸ் 21 டிகிரிக்குக் கீழே பனிக்கட்டியை உருக்கவே உருக்காது! மைனஸ் 10-ஐ நெருங்கும்போதே சோர்ந்துவிடும். அதனால்தான் சாலைத்துறைகள் உப்புநீரோடு என்னென்னவோ கலக்கிப் பார்க்கின்றன. கனடாவில் சர்க்கரைக் கிழங்குச் சாறு! அமெரிக்காவின் விஸ்கான்சினில், பாலாடைக்கட்டி ஆலையில் மிஞ்சிய உப்புநீர்! பீட்ரூட் குடும்பத்துச் சாறும் சீஸ் தண்ணீரும் தெளித்த சாலையில் கார் ஓடுகிறது!

மைனஸ் 40: செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா?

எதுவாக இருந்தால் என்ன! இரண்டு அளவுகோலும் ஒரே எண்ணைக் காட்டுகிற ஒரே இடம் அதுதான்!

மைனஸ் 40-க்கும் கீழே போகுமா? கனடாவின் யூகான் பகுதியில் ஸ்னாக் என்ற ஊரில், 1947 பிப்ரவரி 3 அன்று பதிவானது மைனஸ் 63! பூனை மண் பிறந்த அதே குளிர்காலம்!

குளிர்க்காற்றின் கணக்கு இன்னும் பயங்கரம். காற்றோடு சேர்த்துப் பார்த்தால் மைனஸ் 28 என்று உணரும் குளிரில், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையத் தொடங்கும். மைனஸ் 40-ஐத் தாண்டினால்? 5 முதல் 10 நிமிடம்! மைனஸ் 55-ஐத் தொட்டால் இரண்டே நிமிடம் போதும்! டயர் மாற்றக் கையுறையைக் கழற்றி நிற்கிற நேரம்தானே அது!

விரல் பிரிந்த கையுறையைவிட, நாலு விரலும் ஒன்றாகப் போகிற உறைதான் கதகதப்பு என்று தெரியுமா? விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும்!

பேட்டரி 60 சதவீதம் காணாமல் போகும்!

வெயில் நாளில் துள்ளிக் கிளம்பிய அதே பேட்டரிதான். பூஜ்ஜியம் டிகிரியில் அதன் பலத்தில் 35 சதவீதம் போய்விடும். மைனஸ் 18-ல் 60 சதவீதம்! அந்தச் சமயம் பார்த்து என்ஜின் ஆயிலும் கெட்டியாகி, கிளப்பக் கூடுதல் பலம் கேட்கும்! பையில் ஜம்பர் கேபிள் எதற்கு என்று இனிக் கேட்பீர்களா?

இன்னொரு விசித்திரம். சார்ஜ் முழுதாக இருக்கும் பேட்டரி மைனஸ் 50-லும் உறையாது. சார்ஜ் இறங்கிய பேட்டரியோ, மைனஸ் 10-க்கு முன்பே உறைந்து வெடிப்பு விட்டுவிடலாம்! இத்தனைக்கும் ஒரே பேட்டரிதான்!

டயர்? ஏறக்குறைய 5.6 டிகிரி இறங்கினால் ஒரு பி.எஸ்.ஐ. காற்று குறையும். 20 டிகிரியில் 32 காட்டிய டயர், மைனஸ் 20-ல் 25-ஐ ஒட்டி நிற்கும். பஞ்சரே இல்லாமல்!

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டுவதே சட்டவிரோதம்!

கைப்பேசி? குளிரில் அதன் பேட்டரியும் மளமளவென்று இறங்கும். கோட்டுக்கு உள்ளே, உடம்போடு ஒட்டி வைத்திருந்தால்தான் உதவிக்குக் கூப்பிட மிஞ்சும்!

பெட்ரோல் காருக்கு மின்சார பிளக்!

கனடாவின் புல்வெளி மாகாணங்களுக்குப் போனால் கண்ணை நம்ப மாட்டீர்கள்! வரிசையாக நிற்கும் பெட்ரோல் கார்களின் முகப்பிலிருந்து பிளக் தொங்கும்! வண்டி நிறுத்துமிடத்திலேயே மின் இணைப்பு! இரவெல்லாம் என்ஜினைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டர் அது. கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் வட டகோடாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன். 1949-ல் காப்புரிமை கிடைத்தது!

சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் இன்னும் ஒரு படி மேலே! ஜனவரிச் சராசரியே மைனஸ் 40-ஐ நெருங்கும் ஊர். காரின் ஜன்னலுக்கு இரண்டாவது கண்ணாடி ஒட்டுகிறார்கள், என்ஜினுக்குக் கனத்த போர்வை போர்த்துகிறார்கள். கடைக்குப் போனாலும் என்ஜினை அணைப்பதில்லை. அணைத்தால் வசந்தம் வரும்வரை கிளம்பாது என்ற பயம்!

விண்வெளியிலிருந்து வந்த போர்வை!

பையில் உள்ளங்கை அளவில் மடித்து வைத்த வெள்ளித் தாள் ஒன்று இருக்கும். பிரித்தால் ஆளையே மூடும்! 1964-ல் நாசா விண்வெளிப் பயணங்களுக்காக உருவாக்கிய பொருள் அது. உடலிலிருந்து கதிராக வெளியேறும் வெப்பத்தில் 97 சதவீதம் வரை திருப்பி அனுப்பும்! 1973-ல் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் வெயிலில் கொதித்தபோது அதற்குக் குடை பிடித்ததும் இதே வகைப் படலம்தான்!

ஆனாலும் என் ஓட்டு கம்பளிக்கே! வெள்ளித் தாளை நேராக உறைந்த சீட்டின் மேல் விரித்து உட்கார்ந்தால் குளிர் அப்படியே ஏறும். கம்பளியோ தன் எடையில் 30 சதவீதம் ஈரத்தைக் குடித்த பிறகும் சூட்டைப் பிடித்து வைக்கும்! கம்பளி உள்ளே, வெள்ளித் தாள் வெளியே என்று சேர்த்துப் போர்த்திக்கொள்ளுங்கள்!

இரண்டும் இல்லையா? பழைய செய்தித்தாளைக் கசக்கிச் சட்டைக்குள் திணியுங்கள். சாலை வரைபடமும் ஆகும், சீட் உறையும் ஆகும்!

கையைச் சூடாக்கும் சின்னப் பொட்டலம் எதனால் சூடாகிறது தெரியுமா? துருவால்! உள்ளே இருப்பது இரும்புத் தூள். உறையைக் கிழித்ததும் காற்றுப் பட்டு வேகமாகத் துருப்பிடிக்கும். அந்தத் துருவின் சூடு பல மணி நேரம் நீடிக்கும்!

வைப்பரைக் கண்டுபிடித்தது யார்?

அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்! குளிர்காலத்தில் நியூயார்க் போனவர், டிராம் ஓட்டுநர் கண்ணாடியில் படிந்த பனியால் திண்டாடுவதைப் பார்த்தார். உள்ளே இருந்தபடியே கைப்பிடியால் இயக்கும் துடைப்பானை வடிவமைத்தார். 1903-ல் காப்புரிமை! பிறகு ஒரு கனடா நிறுவனத்துக்கு விற்கப் பார்த்தார். என்ன பதில் வந்தது தெரியுமா? இதற்கு வணிக மதிப்பு இல்லையாம்! பனி கொட்டுகிற கனடாவிலிருந்து இப்படி ஒரு பதில்! அவருக்கு அதிலிருந்து ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

சிக்கினால் இறங்கி நடக்கலாமா?

கூடாது! கூடவே கூடாது! கனடாவில் பனிப்புயல் என்று எதைச் சொல்கிறார்கள் தெரியுமா? மணிக்கு 40 கி.மீ. வேகக் காற்று, 400 மீட்டருக்கு மேல் எதுவும் தெரியாத நிலை, இது நாலு மணி நேரமாவது நீடிக்க வேண்டும்! அந்தப் புயலுக்குள் இறங்கினால் சற்று நேரத்தில் உங்கள் காரே உங்கள் கண்ணுக்குத் தெரியாது!

கார்தான் உங்கள் கூரை, உங்கள் சுவர், தேடி வருகிறவர்களுக்கு உங்கள் அடையாளம். ஆன்டெனாவில் சிவப்புத் துணி கட்டுங்கள். விசில் ஊதுங்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும், விசிலுக்குத் தொண்டை கிடையாது! மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று பொருள்.

1978 ஜனவரியில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு லாரி ஓட்டுநர் வண்டியோடு பனிக்குள் புதைந்தே போனார். எத்தனை நாள் தெரியுமா? ஆறு நாள்! உயிரோடு மீட்டார்கள்! 2012 பிப்ரவரியில் ஸ்வீடனின் உமியோ நகருக்கு அருகே இன்னொருவர் பனி மூடிய காருக்குள் கண்டெடுக்கப்பட்டார். டிசம்பரிலிருந்தே, அதாவது இரண்டு மாதமாக, உள்ளேதான் இருந்தேன் என்றார் அவர்! வெளியே மைனஸ் 30 வரை போயிருந்தது! எப்படிப் பிழைத்தார்? புதுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான். சிறைப்பட்ட அந்தக் காற்றே வெப்பத்தை வெளியே விடாத சுவராகிவிடும்!

2,100 வண்டிகள்! இரண்டு இரவுகள்!

2020 டிசம்பரில் ஜப்பானின் கான்-எட்சு விரைவுச்சாலை. உச்சத்தில் ஏறக்குறைய 2,100 வண்டிகள் நின்றன. சுயபாதுகாப்புப் படை வந்து சாப்பாடு, எரிபொருள், போர்வை என்று ஒவ்வொரு வண்டியாகக் கொடுத்தது. மணிக்கணக்கில் வெளியே இறங்க முடியாதவர்களுக்குப் பசியைவிடப் பெரிய பிரச்சினை எது, யோசித்தீர்களா? கழிப்பறை! ஜப்பானியர்களின் கார்ப் பையில் மடித்து வைக்கும் கழிப்பறைப் பையும் இருக்கும்! வேறு எந்தப் பட்டியலையும்விட இந்த விஷயத்தில் ஜப்பானியர்களின் முன்யோசனைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் நாட்டில்? 2018 டிசம்பர் 28. சிக்கிமில் 14,000 அடிக்கும் மேலே உள்ள நாதுலா கணவாய்ப் பக்கம் 300-க்கும் மேற்பட்ட வண்டிகளில் 2,500 சுற்றுலாப் பயணிகள் சிக்கினார்கள்! ராணுவம் அவர்களைத் தன் முகாம்களுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டுத் தங்கவைத்தது. 2024 டிசம்பரில் மணாலிக்கு மேலே, அடல் சுரங்கப்பாதைப் பக்கம், ஏறக்குறைய 1,000 வண்டிகள்! ஸ்வெட்டரும் கேமராவும் எடுத்துக்கொண்டு கிளம்பும் நம் ஊர்க்காரர்கள் வாடகைக் காரில் மண்வாரி இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் கேட்டிருப்பார்களா? அடுத்தமுறை கேளுங்கள்!

செனட்டருக்கு ஓர் ஆரஞ்சு!

2022 ஜனவரி. வர்ஜீனியாவில் 95-ஆம் நெடுஞ்சாலை. முதலில் மழை, பிறகு பனி. மழை கழுவிவிடும் என்பதால் சாலைக்கு முன்கூட்டியே உப்புநீர் தெளிக்கவும் முடியவில்லை! ஏறக்குறைய 50 மைல் நீளத்துக்கு வண்டிகள் உறைந்து நின்றன. உள்ளே யார் இருந்தது தெரியுமா? அமெரிக்க செனட்டர் டிம் கெய்ன்! ரிச்மண்டிலிருந்து வாஷிங்டனுக்கு வழக்கமாக இரண்டு மணி நேரம். அன்று 27 மணி நேரம்! ஃப்ளோரிடாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் வண்டி வண்டியாகப் போய் ஆரஞ்சுப் பழம் கொடுத்தது. செனட்டருக்கும் ஒன்று!

கொஞ்ச தூரம் தள்ளி ஒரு பேக்கரி லாரி. ஷ்மிட் என்ற நிறுவனத்துடையது. பின்னால் முழுக்க ரொட்டி! பசியில் இருந்த ஒரு தம்பதி அந்த நிறுவனத்துக்கே போன் போட்டார்கள். உரிமையாளரே திரும்பக் கூப்பிட்டு, பிரித்துக் கொடுத்துவிடுங்கள் என்றார்! உறைந்த சாலையில் வண்டி வண்டியாக ரொட்டி விநியோகம்! அத்தனை வண்டிகள் ஓர் இரவு முழுக்கச் சிக்கியும் ஓர் உயிர்கூடப் போகவில்லை!

பூட்டாத கார்கள்!

கனடாவின் சர்ச்சில் ஊரில் பலர் கார்க் கதவைப் பூட்டுவதே இல்லை! ஏன் தெரியுமா? தெருவில் பனிக்கரடி துரத்தினால் யாரும் எந்தக் காருக்குள்ளும் ஓடிப் புகுந்துகொள்ளலாம்!

பைக்கே சட்டம் போட்ட நாடும் உண்டு! ஜெர்மனியில் முதலுதவிப் பெட்டி, எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேலங்கி மூன்றும் காரில் இருக்க வேண்டும் என்பது சட்டம்!

சரி, பை தயார். கடைசியாக ஒரு கேள்வி. அதை எங்கே வைப்பீர்கள்? டிக்கியில் என்கிறீர்களா? ஈரம் இறங்கி டிக்கியின் பூட்டு உறைந்துவிட்டால்? மேலே மூன்றடிப் பனி ஏறி நின்றால்? பின்னாலிருந்து இன்னொரு வண்டி வந்து மோதி நசுக்கியிருந்தால்? பனியை அள்ள வேண்டிய மண்வாரியே பனிக்குள் மாட்டிக்கொள்ளுமே! பின் சீட்டின் காலடியில், கை எட்டுகிற இடத்தில் வையுங்கள். மண்வாரியையும் சேர்த்து!